கார்லெஸ் பூயோல்: நெஞ்சுரத்துக்குப் பின்னால் இருந்த ஆட்டம்

பார்சிலோனா கால்பந்து அணியின் முன்னாள் கேப்டன், தடுப்பாட்டக்காரர் கார்லெஸ் பூயோலைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அந்தத் துணுக்கு வீடியோவை அனுப்பிவிடுவார். 2002 அக்டோபர், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக், பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம். மாஸ்கோவிலிருந்து வந்த லோகோமோட்டிவ் அணியின் முன்கள வீரர் ஜேம்ஸ் ஒபியோரா கோல் அடிக்கப்போகிறார். கோலி பொனானோவால் இனி ஒன்றும் செய்ய முடியாது. ஒபியோரா பந்தை அடிக்க, எங்கிருந்தோ ஓடி வந்த பூயோல் நெஞ்சைக் கொடுக்கிறார். சட்டையில் இருக்கும் கிளப் சின்னத்தின் மேல் பட்டுப் பந்து திரும்புகிறது. வீடியோவுக்குக் கீழே சிங்கம், போர்வீரன், இரும்பு மனிதன் என்று கருத்துகள் குவிந்திருக்கும்.

எனக்கும் அந்த வீடியோ பிடிக்கும். ஆனால் அதையே பார்த்துப் பார்த்து ஒரு பெரிய ஆட்டக்காரரை வெறும் நெஞ்சுரமாகச் சுருக்கிவிட்டோமோ என்ற ஆதங்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. அந்த நொடியில் அந்த இடத்தில் ஒருவர் நிற்க வேண்டும் என்றால், கோலி தோற்றுவிடுவார் என்று அவர் முன்கூட்டியே கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஆபத்து கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஓட ஆரம்பித்தால் நேரம் போதாது. வந்து சேர்ந்த பிறகும் பெனால்ட்டி பகுதிக்குள் கை படாமல் உடம்பை வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். தைரியம் அதற்கெல்லாம் அப்புறம்தான்.

பூயோல் தன்னைப் பற்றிச் சொன்னதாகப் பல இடங்களில் வரும் ஒரு பேச்சு இருக்கிறது. ரொமாரியோவின் நுட்பம் தன்னிடம் இல்லை, ஓவர்மார்ஸின் வேகமும் க்ளைவர்ட்டின் பலமும் இல்லை, ஆனால் மற்றவர்களைவிட அதிகம் உழைப்பேன் என்பார். அவ்வளவு கெட்டிக்காரனாக இல்லாவிட்டாலும் தேர்வுக்கு ஒழுங்காகப் படித்து ஓரளவு மார்க் வாங்கிவிடும் மாணவன் மாதிரி தான் என்றும் சொல்வார். அந்த அடக்கம் அவருக்கு அழகுதான். ஆனால் 15 பருவங்கள் பார்சிலோனாவின் முதல் அணியில் 593 ஆட்டங்கள் ஆடியவர், அதில் 10 ஆண்டுகள் கேப்டனாக இருந்தவர், ஓரளவு மார்க் வாங்கிய மாணவர் இல்லை. அந்த விஷயத்தில் அவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பிறந்தது 1978 ஏப்ரல் 13. ஊர் லா போப்லா தெ சேகுர். கட்டலோனியாவின் லெய்தா மாகாணத்தில், பிரனீஸ் மலைகளுக்குப் போகும் வழியில் இருக்கும் சின்ன ஊர். பள்ளி அணியில் முதலில் கோலியாக நின்றார். தோள்பட்டைக் காயங்களால் அதை விட்டுவிட்டு முன்கள வீரராக ஆடினார். கோல் காப்பவராகவும் கோல் அடிப்பவராகவும் இருந்துவிட்டுத் தடுப்பாட்டத்துக்கு வந்தவர் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எதிரே வரும் ஃபார்வர்டு அடுத்து என்ன செய்ய ஆசைப்படுவார், பின்னால் நிற்கும் கோலிக்கு எந்தக் கோணம் கஷ்டம் என்பது இரண்டு இடங்களிலும் நின்று பார்த்தவருக்குத் தெரியும்.

பார்சிலோனாவின் இளைஞர் பயிற்சிக்கூடமான லா மாசியாவுக்கு 1995-இல் போனபோது அவருக்கு வயது 17. அந்த இடத்துக்கு அது மிகத் தாமதமான வயது. பின்னாளில் அவரோடு ஆடியவர்களில் ஷாவி 11 வயதில் சேர்ந்தவர், இனியெஸ்டா 12 வயதில், மெஸ்ஸி 13 வயதில். பந்தை வாங்குவதற்கு முன்பே அடுத்து யாருக்குத் தருவது என்று பார்த்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்குச் சிறு வயதிலேயே கைவந்துவிட்டது. பூயோல் அந்தப் பாடத்தை வளர்ந்த பிறகு படிக்க வேண்டியிருந்தது. அங்கே நடுக்களத்தில் தடுப்பாட்டக்காரராக ஆரம்பித்து, பிறகு ரைட் பேக், அதாவது வலது ஓரத் தடுப்பாட்டக்காரர் ஆனார். பார்சிலோனா பி அணியில் மூன்று பருவங்கள் ஆடினார்.

1998-இல் அவர் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். அவரை வாங்க மலாகா அணி கேட்டது, கிளப்பும் சம்மதித்துவிட்டது. பூயோல் போக மறுத்தார். நண்பர் ஷாவி அந்தச் சமயத்தில் முதல் அணியில் ஆட ஆரம்பித்திருந்தார், நமக்கும் ஒரு வாய்ப்பு வரும் என்று இவர் காத்திருந்தார். 1999 அக்டோபர் 2 அன்று, வய்யதோலித் அணிக்கு எதிராக, பயிற்சியாளர் லூயி வான் கால் அவரை முதல்முறையாகக் களமிறக்கினார். முடி வெட்டக் கையில் காசு இல்லையா என்று வான் கால் அவரிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. கேட்டாரோ இல்லையோ, அந்தச் சுருட்டை முடி கடைசிவரை அப்படியேதான் இருந்தது.

ஒரு வருடம் கழித்து வந்த ஃபீகோ ஆட்டத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2000 கோடையில் லூயிஷ் ஃபீகோ பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் தராத விலை. பார்சிலோனா ரசிகர்களுக்கு அது வெறும் அணி மாற்றமாகப் படவில்லை, துரோகமாகத்தான் பட்டது. அக்டோபர் 21 அன்று மாட்ரிட் சட்டையில் அவர் கேம்ப் நூவுக்குத் திரும்பி வந்தார். பந்து அவர் காலுக்குப் போகும்போதெல்லாம் மைதானம் முழுக்க விசில், கூச்சல். அவரைப் பிடித்து நிறுத்தும் வேலையை 22 வயது பூயோலிடம் கொடுத்தார்கள்.

ஒருவரை நிழலாகத் தொடர்வது கேட்க எளிதாக இருக்கும். நடைமுறையில் அது உங்கள் இடத்தை மறந்துவிடச் சொல்லும் வேலை. ஃபீகோ உள்ளே வந்தால் நீங்களும் உள்ளே போக வேண்டும், நீங்கள் விட்டுவந்த இடத்தில் ஓட்டை விழும், அதை இன்னொருவர் அடைக்க வேண்டும். அதிலும் ஃபீகோ காலில் பந்தை வாங்கி, நிறுத்தி, தோளை ஒரு பக்கம் அசைத்துக் காட்டிவிட்டு மறுபக்கம் போகிறவர். அவர் நின்று திரும்பிப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால் எந்தத் தடுப்பாட்டக்காரருக்கும் பாதி ஆட்டம் போச்சு. ஆகவே பந்து வருவதற்கு முன்பே முதுகை ஒட்டிப் போய் நிற்க வேண்டும், அவர் திரும்பவே கூடாது. பூயோல் அன்று அதைத்தான் செய்தார். ஃபீகோ அந்த இரவில் ஒன்றும் செய்ய முடியாமல் போனார். லூயிஸ் என்ரிக்கேவும் சிமாவோவும் கோல் அடிக்க, பார்சிலோனா 2-0 என்று வென்றது. அடுத்த மாதமே பூயோல் ஸ்பெயினின் தேசிய அணிக்காக முதல் ஆட்டம் ஆடினார்.

அந்த இரண்டு ஆட்டங்களுக்கும் முன்னால் பூயோல் ஆடிய சிட்னி ஒலிம்பிக் இறுதிப் போட்டி. கேமரூனுக்கு எதிராக ஸ்பெயின் 2-0 என்று முன்னிலையில் இருந்து, இரண்டாம் பாதியில் 2-2 ஆகி, பெனால்ட்டி ஷூட்அவுட்டில் தோற்றது. சமன் செய்த கோலை அடித்தவர் சாமுவேல் எட்டோ, பின்னாளில் இதே பூயோலின் தலைமையில் ஆடப்போகிறவர்.

அப்புறம் வறட்சி. 1999-இல் ஸ்பானிய லீகை வென்ற பார்சிலோனா, 2005 வரை ஒரு கோப்பையையும் தொடவில்லை. ரிவால்டோ, க்ளைவர்ட், ஓவர்மார்ஸ், சவியோலா, ரிக்கெல்மே என்று பெயர்களுக்குக் குறைவில்லை. பயிற்சியாளர்கள் மாறினார்கள், தலைவர்கள் மாறினார்கள். 2003-இல் லீகில் ஆறாவது இடம். லோகோமோட்டிவ் வீடியோவும் இந்தக் காலத்தில் எடுத்ததுதான். இன்று அதைப் பார்க்கிறவர்களுக்குப் பின்னால் வந்த வெற்றிகளின் வெளிச்சத்தில் அது தெரிகிறது. அன்று அது தோற்றுக்கொண்டிருந்த ஒரு அணியின் கடைசித் தடுப்பு. பூயோல் ஒரு ரைட் பேக்காக இருந்து சென்டர் பேக்காக, அதாவது நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரராக, மாறியதும் இந்த ஆண்டுகளில்தான். அவர் உயரம் 1.78 மீட்டர். சென்டர் பேக்குக்கு அது குறைவு. ஆறடிக்கு மேல் இருக்கும் ஃபார்வர்டுகளோடு காற்றில் மோத வேண்டிய இடம் அது. அதை எப்படிச் சமாளித்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

2004-இல் லூயிஸ் என்ரிக்கே ஓய்வு பெற்றபோது கேப்டன் பட்டை இவர் கைக்கு வந்தது. ரைக்கார்ட் பயிற்சியாளர், ரொனால்டினியோ, எட்டோ, டெக்கோ முன்னால். 2005, 2006 இரண்டு லீக் பட்டங்களும் வந்தன. 2006 மே 17, பாரிஸில் ஆர்சனலுக்கு எதிராக சாம்பியன்ஸ் லீக் இறுதி. ஆர்சனல் கோலி லேமன் 18-ஆவது நிமிடமே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். இருந்தும் முதலில் கோல் அடித்தது ஆர்சனல்தான். ஆர்சனலின் எபூவே விழ, பூயோல் ஃபவுல் செய்தார் என்று நடுவர் கொடுத்த ஃப்ரீ கிக்கில் கேம்பல் தலையால் முட்டி உள்ளே போட்டார். எபூவே தானாக விழுந்தார் என்பதுதான் என் பார்வை, திரும்பத் திரும்பப் பார்த்தும் அது மாறவில்லை. கடைசியில் எட்டோவும் பெல்லெட்டியும் அடித்த கோல்களில் 2-1. பூயோல் தூக்கிய முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை அது.

அடுத்த இரண்டு பருவங்களும் சறுக்கல். 2008-இல் பெப் குவார்டியோலா வந்தார். பூயோலின் ஆட்டத்தைப் பற்றி நான் சொல்ல நினைக்கும் முக்கியமான விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

குவார்டியோலாவின் அணியைப் பற்றி எழுதுகிறவர்கள் பந்தை வைத்திருந்த நேரத்தைப் பற்றி எழுதுவார்கள், பாஸ்களை எண்ணுவார்கள். அந்த அணி எவ்வளவு பெரிய இடத்தைப் பின்னால் காலியாக விட்டுவிட்டு ஆடியது என்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வலது பக்கம் டானி ஆல்வெஸ் ஏறக்குறைய ஓரத்தில் தாக்கும் விங்கர் மாதிரி மேலே நிற்பார். சென்டர் பேக் இருவரும் நடுக்கோட்டுப் பக்கம் வரை ஏறி வந்துவிடுவார்கள், அப்போதுதான் எதிரணியை அவர்கள் பாதிக்குள் அடைத்து வைக்க முடியும். அவர்களுக்குப் பின்னால் கோலி வால்டெஸ் வரை வெறும் புல்தரை. நடுவில் ஒரு பாஸ் தவறினால், எதிரணி ஒரே நீளப் பந்தில் அந்த வெளிக்குள் பாய்ந்துவிடும்.

இப்படி ஆடும் அணியில் உயரமான, மெதுவான சென்டர் பேக்கால் தாக்குப்பிடிக்க முடியாது. இரண்டு விஷயம் தேவை. முதலாவது, பந்து பறிபோன கணமே அடுத்த பாஸ் எங்கே வரும் என்று ஊகித்து முன்னேறிப் போய் வெட்டிவிட வேண்டும். அது தவறினால், திரும்பி ஓடி ஃபார்வர்டைப் பிடிக்க வேண்டும். பூயோலிடம் இரண்டும் இருந்தன. பக்கத்தில் நின்ற ஜெரார்ட் பிக்கே உயரமானவர், நிதானமானவர், கால்பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு முன்னால் நடந்து வரக்கூடியவர். பிக்கே அப்படி நடந்து போகும்போது பின்னால் விட்டுவந்த இடத்தை யார் பார்த்துக்கொண்டார்கள்? மெஸ்ஸியிடம் பந்து இருக்கும்போது எல்லார் கண்ணும் மெஸ்ஸி மேல் இருக்கும். அந்த நேரத்தில் திரையின் கடைசி ஓரத்தில் பூயோல் எதிரணியின் ஒற்றை ஃபார்வர்டுக்கு அருகில், கையை நீட்டிக் காட்டிக்கொண்டு, யாரையோ பார்த்துக் கத்திக்கொண்டு நிற்பார். நம் அணி தாக்கும்போதே தடுப்பாட்டம் தொடங்கிவிடுகிறது என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அதை நான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டது இவரிடம்தான்.

அதோடு, எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்பார். 2009 மே 27, ரோம் இறுதிப் போட்டி, மான்செஸ்டர் யுனைடெட். வழக்கமாக இரண்டு ஓரங்களிலும் நிற்கும் தடுப்பாட்டக்காரர்கள் ஆல்வெஸும் அபிடாலும் அட்டைகளால் ஆட முடியவில்லை. பூயோல் தன் பழைய ரைட் பேக் இடத்துக்குப் போனார், நடுவில் பிக்கேயோடு யாயா டூரே நின்றார். 2-0. 2011 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயுவில் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. லெஃப்ட் பேக் ஆட ஆள் இல்லை. பல வாரக் காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த 33 வயது வலதுகால் ஆட்டக்காரர் லெஃப்ட் பேக்காக நின்றார். மெஸ்ஸி இரண்டு கோல் அடித்த இரவு என்றுதான் அது எல்லோருக்கும் நினைவிருக்கும். மாட்ரிட் அன்று ஒரு கோலும் அடிக்கவில்லை என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி அந்தத் தலையடிகள். பூயோல் பார்சிலோனாவுக்காக அடித்தது மொத்தம் 18 கோல், ஸ்பெயினுக்காக 3. எண்ணிக்கை குறைவுதான், விழுந்த இடங்களைப் பாருங்கள்.

2009 மே 2, பெர்னபேயு. லீக் பட்டத்தை ஏறக்குறைய முடிவுசெய்த ஆட்டம். மாட்ரிட் முதலில் அடித்தது, ஹென்ரி சமன் செய்தார். இரண்டு நிமிடம் கழித்து இடது பக்கத்திலிருந்து ஷாவியின் ஃப்ரீ கிக், பூயோல் பாய்ந்து வந்து தலையால் முட்டினார். 2-1. கையிலிருந்த கேப்டன் பட்டையைக் கழற்றி, அதிலிருந்த கட்டலோனியக் கொடியின் நிறங்களுக்கு முத்தம் கொடுத்தார். அந்த ஆட்டம் 6-2 என்று முடிந்தது.

2010 ஜூலை 7, டர்பன். உலகக் கோப்பை அரையிறுதி, ஜெர்மனி. நம் நேரப்படி சரியாக நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கிய ஆட்டம். இங்கிலாந்தை 4-1, அர்ஜென்டினாவை 4-0 என்று உதைத்துவிட்டு வந்திருந்தது ஜெர்மனி. ஸ்பெயின் பந்தை வைத்திருந்தது, கோல் வரவில்லை. 73-ஆவது நிமிடம் கார்னர். எடுத்தவர் ஷாவி. பெனால்ட்டி பகுதியின் விளிம்பிலிருந்து பூயோல் ஓட ஆரம்பித்தார். அவருக்கு முன்னால் பிக்கேயும் அதே பந்துக்குத்தான் எழும்பினார், பிக்கேயின் தலைக்கு மேலேயே பூயோல் வந்துவிட்டார். பந்து வலைக்குள் போன வேகத்துக்கு ஜெர்மனி கோலி நாய்யர் கை தூக்கக்கூட நேரமில்லை. நான் எழுந்து கத்தியதில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

1.78 மீட்டர் ஆள், 1.98 மீட்டர் ஜெர்மன் தடுப்பாட்டக்காரர் மெர்ட்டசாக்கர் நிற்கும் பெட்டிக்குள் எப்படித் தலையால் கோல் அடித்தார்? நின்ற இடத்திலிருந்து குதிப்பவரை, தூரத்திலிருந்து ஓடி வந்து குதிப்பவர் ஜெயிப்பார். உயரக் குறைவை ஓட்டத்தால் ஈடுகட்டினார். ஆனால் ஓட்டத்தை எப்போது தொடங்குவது என்பது கத்தி முனை மாதிரியான கணக்கு. சீக்கிரம் போனால் பந்துக்கு அடியில் போய் நிற்பீர்கள், தாமதித்தால் பந்து தாண்டிவிடும். ஷாவி உதைக்கும் முன் காலை எப்படி வைப்பார், பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருக்கும் என்று அவர் பல ஆண்டுப் பயிற்சியில் தெரிந்து வைத்திருந்தார். பார்சிலோனாவில் இருவரும் செய்து பழகியதுதான் தேசிய அணியிலும் பலித்தது. 2012 ஜனவரியில், ஸ்பெயினின் அரசர் கோப்பைக் காலிறுதி, மறுபடி பெர்னபேயு, மறுபடி ஷாவியின் கார்னர், மறுபடி பூயோலின் தலை. 1-1 ஆக்கினார், அபிடால் வெற்றி கோல் அடித்தார். இரண்டு பெர்னபேயு கோல்களிலும் வலையில் நின்றவர் ரியல் மாட்ரிட்டுக்கும் ஸ்பெயினுக்கும் கோலியான இக்கேர் காசியாஸ். நடுவில் டர்பன் கோலுக்கு அந்தப் பக்கக் கோல் கம்பத்தடியிலிருந்து ஓடி வந்து கொண்டாட வேண்டியவரும் அதே காசியாஸ்தான்.

டர்பன் வெற்றிக்குப் பிறகு ஸ்பெயின் அரசி சோஃபியா வாழ்த்துச் சொல்ல உடைமாற்றும் அறைக்கு வந்துவிட்டார். குளியலிலிருந்து துண்டோடு வெளியே வந்த பூயோல் அந்தக் கோலத்திலேயே அரசியிடம் வாழ்த்து வாங்கிக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் இறுதி. நெதர்லாந்து. பூயோல் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு மஞ்சள் அட்டை வாங்கிவிட்டார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது ஆர்யென் ராபன் அவரைத் தாண்டி ஓடினார். பூயோல் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார். ராபன் விழவில்லை, தடுமாறித் தொடர்ந்து ஓடினார், காசியாஸ் காலடியில் பாய்ந்து பந்தை எடுத்துவிட்டார். ராபன் நடுவர் ஹோவர்ட் வெப்பிடம் போய்க் கத்தி மஞ்சள் அட்டை வாங்கியதுதான் மிச்சம். அது ஃபவுல்தான். பூயோலுக்கு இரண்டாவது மஞ்சள் வந்திருக்க வேண்டும், ஸ்பெயின் 10 பேரோடு கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். ராபன் விழுந்திருந்தால் வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பூயோலை இவ்வளவு நேசிக்கும் நான் இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது. 116-ஆவது நிமிடம் இனியெஸ்டா அடித்தார். அந்தத் தொடரில் ஸ்பெயின் வாங்கியது மொத்தம் 2 கோல், நாக்அவுட் சுற்றின் நான்கு ஆட்டங்களிலும் ஒன்றுகூட இல்லை. நான்கும் 1-0. இந்த ஸ்பெயின் அணியைத் தாக்குதலுக்காகப் புகழ்கிறோம். கோப்பையைக் கொண்டுவந்தது அந்த நான்கு பூஜ்ஜியங்கள்.

கேப்டனாக அவர் எப்படி இருந்தார் என்பதற்கு இரண்டு காட்சிகள் போதும். 2012-இல் ராயோ வய்யகானோவை பார்சிலோனா 7-0 என்று அடித்துக்கொண்டிருந்த ஆட்டம். தியாகோவும் ஆல்வெஸும் கோலுக்குப் பிறகு மூலைக்கொடி பக்கம் நடனம் ஆட ஆரம்பித்தார்கள். பூயோல் ஓடிப்போய் இருவரையும் பிரித்துத் தள்ளி நடுக்களத்துக்கு விரட்டினார். இன்னொரு ஆட்டத்தில் கூட்டத்திலிருந்து ஒரு லைட்டர் வந்து விழுந்தது. பிக்கே அதை எடுத்துக்கொண்டு நடுவரிடம் காட்டப் போக, பூயோல் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, ஆட்டத்தைப் பார் என்று சைகை காட்டினார். இவற்றையும் நற்குணக் கதைகளாகவே பகிர்கிறார்கள். நற்குணம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதில் ஒரு தடுப்பாட்டக்காரரின் கவலையும் தெரிகிறது. கவனம் ஒரு இடத்தில் கலைந்தால் கோல் எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனம் அதிகம் கலையும் என்பதும் தெரியும்.

அபிடால் விஷயம் வேறு. 2011 மார்ச்சில் அபிடாலின் கல்லீரலில் கட்டி கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள். மே 28 அன்று வெம்பிளியில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அவர் தொடக்கத்திலிருந்து ஆடினார். பூயோல் கடைசி சில நிமிடங்களுக்கு மட்டும் உள்ளே வந்தார். 3-1. கோப்பை வாங்கும் மேடையில் பூயோல் கேப்டன் பட்டையை அபிடாலிடம் கொடுத்து, நீ தூக்கு என்றார். உலகிலேயே பெரிய கிளப் கோப்பையைத் தூக்கும் கணத்தை ஒருவர் விட்டுக்கொடுக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து லீக் கோப்பையை வாங்கியபோது, புற்றுநோய் சிகிச்சையில் இருந்த பயிற்சியாளர் டிட்டோ விலானோவாவையும் அபிடாலையும் தூக்கச் செய்தார். அதைப் பற்றி நான் விளக்கம் எழுத ஒன்றுமில்லை.

உடம்பு மெதுவாகக் கைவிட்டது. மேலே சொன்ன ஆட்ட முறைதான் அதற்கும் காரணம் என்று நினைக்கிறேன். முழு வேகத்தில் ஓடி, நின்று, திரும்பி, மறுபடி ஓடுவது எல்லாமே முழங்காலின் கணக்கில்தான் ஏறும். 2011-இல் இடது முழங்கால். 2012 மே மாதம் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை, அதனால் ஸ்பெயின் வென்ற ஐரோப்பியக் கோப்பையான யூரோ 2012-இல் அவர் இல்லை. அந்த அக்டோபரில் லிஸ்பனில் பென்ஃபிகாவோடு ஆடும்போது கார்னருக்காகக் குதித்துவிட்டு விழுந்ததில் இடது முழங்கை விலகியது. அந்தப் படத்தை என்னால் இரண்டாவது முறை பார்க்க முடியவில்லை. 2013 பிப்ரவரி 6, தோஹாவில் உருகுவேயோடு நடந்த நட்பு ஆட்டம் ஸ்பெயினுக்காக அவருடைய 100-ஆவது ஆட்டம். அதுவே கடைசி.

2014 மார்ச் 2 அன்று கேம்ப் நூவில் அல்மேரியாவுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். இரண்டு நாள் கழித்து, பருவ முடிவில் கிளப்பை விட்டுப் போவதாக அறிவித்தார். 2016 வரை ஒப்பந்தம் இருந்தது. தான் எதிர்பார்க்கும் அளவுக்கு உடம்பு திரும்பவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். உட்கார்ந்தே இன்னும் இரண்டு வருடச் சம்பளம் வாங்கியிருக்க முடியும், யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆறு லீக் பட்டங்கள், மூன்று சாம்பியன்ஸ் லீக், ஒரு உலகக் கோப்பை, ஒரு யூரோ. ஒரே ஒரு கிளப். பிறகு சில மாதங்கள் பார்சிலோனாவின் விளையாட்டு இயக்குநர் சுபிசரெட்டாவுக்கு உதவியாக இருந்தார். 2015 ஜனவரியில் சுபிசரெட்டாவை நீக்கியபோது பூயோலும் வெளியேறினார்.

இவரைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தொகுப்பு வீடியோக்கள் வேண்டாம். பெர்னபேயுவில் 6-2 என்று முடிந்த 2009 ஆட்டத்தை, அல்லது 2011 பெர்னபேயு அரையிறுதியை, முழு 90 நிமிடமாகத் தேடிப் பிடியுங்கள். பார்சிலோனாவிடம் பந்து இருக்கும்போது பந்தைப் பார்க்காமல் 5-ஆம் எண் சட்டையைத் தேடுங்கள். கேமரா முன்னால் ஓடிவிடுவதால் பல நேரம் அவர் படத்துக்கு வெளியே போய்விடுவார். மறுபடி உள்ளே வரும்போது எங்கே நிற்கிறார், யாருக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கிறார், எந்தப் பக்கம் உடம்பைத் திருப்பி வைத்திருக்கிறார் என்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பந்து பறிபோகும்.